பை போட்ட மஞ்சள் மொட்டு

7 பிப்ரவரி 1971, ஞாயிறு

என் செடியில் பூப் பறித்தவரைத் தட்டிக் கேட்க எனக்கு ஏன் வாய் வரவில்லை? தெரியவில்லை.

இரண்டு வருஷம் தொட்டியில் வளர்த்த மஞ்சள் செம்பருத்தி இப்போதுதான் முதல் மொட்டு விட்டது. நேற்று மாலை அதைப் பிரித்து, மகரந்தத் தாள்களைக் கத்தரித்துவிட்டு, வண்டு நுழையாதபடி காகிதப் பை மாட்டி நூலால் கட்டினேன். இன்று காலை பக்கத்துத் தொட்டியிலிருக்கும் சிவப்புச் செம்பருத்தியின் மகரந்தத்தைத் தடவியிருந்தால், அந்த விதையிலிருந்து புது நிறம் வந்திருக்கலாம். ஆறு மணிக்குப் போனால் பை தரையில் கிடக்கிறது. வெறும் காம்பு நிற்கிறது.

எதிர்வீட்டு ராமதுரை மாமா பூக்குடலையோடு கேட் அருகே நின்றார். விடியற்காலையில் இந்தத் தெருவில் எந்த வீட்டுச் செடியும் அவர் பூஜைக்குத்தான்.

"பேஷ்! வண்டு எச்சில் படாம பை போட்டுன்னா வெச்சிருக்கேள்! எங்காத்துல யாருக்கு இந்த பக்தி இருக்கு? அம்பாளுக்கு சாத்தப் போறேன்."

கோயில் பக்கமே போகாத எனக்குப் பக்தியாம். இருபத்தைந்து வருஷமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள், "பரவாயில்லை மாமா" என்று சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த மொட்டு எப்போது வருமோ.

திங்கள்

இருட்டிலேயே போய்க் கேட் அருகே நின்றேன். மாமா வந்ததும், "இனிமே என் செடியில கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். காலிக் குடலையோடு திரும்பிப் போனார்.

வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தேன். சிவப்புச் செடியின் ஒவ்வொரு மொட்டுக்கும் மாமா நேற்று ராத்திரியே பழைய பஞ்சாங்கத் தாளில் பை செய்து, நூலால் கட்டியிருந்தார்.

ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். காலேஜுக்குப் பஸ் தவறிவிட்டது.