‘அணைக்க’ என்பது வரை படித்தேன்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இது நானே எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் முழுதாகப் படி. நான் அப்படிப் படிக்காததால் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது.

நான் பெருக்கித் துடைக்கிற சர்வர் அறையில் ஒரு எந்திரத்துக்குள் பல மூளைகளாம். எல்லாம் ஒரே வரிசையில் நின்று வேலையை வாங்கிக்கொண்டதால் நேரம் வீணானதாம். எஞ்சினியர் பெண் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றி, ஒவ்வொரு மூளைக்கும் தனி வரிசை வைத்தாள். வேகம் கூடியதா என்று சோதனை ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் புதிதாக ஒரு தாள். எழுத்துக் கூட்டினேன்: ‘ஏசியை அணைக்க’. படித்துவிட்ட சந்தோஷத்தில் உடனே அணைத்தேன். ‘வேண்டாம்’ அடுத்த வரியில் இருந்தது.

எந்திரம் சூடேறி வேகம் குறைந்தது.

“இருந்த வேகமும் போச்சு, உன் மாத்தத்தை எடுத்துப் போடும்மா” என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். அவள் கண் கலங்கியது. ஏசியை அணைத்தது நான்தான் என்று அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

“படிக்கக் கத்துக்கிட்டேன்னு பீத்திக்கிட்டீங்களே தாத்தா!”

“பாதிதாம்மா கத்துக்கிட்டேன்.”

சிரித்துவிட்டாள். ஆனால் என்னால் அவள் வாங்கிய திட்டு வாங்கியதுதானே? அது உறுத்துகிறது.

ஏசியைப் போட்டு மறுபடி சோதனை ஓட்டுகிறாள். வாசலில் காவல் இருந்தபடி எழுதுகிறேன். என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. உன் கையால் நாலு வரியும் வை. இங்கே எனக்குப் படிக்க அறிவிப்புகள் மட்டும்தான் இருக்கின்றன.

கதவு திறக்கிறது. “வேகம் கூடிருச்சு தாத்தா!” என்கிறாள். இதையும் மேலாளர் எல்லோர் முன்னாலும் சொல்லட்டும் என்று அவளை அவரிடம் இழுத்துப் போகிறேன். முடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்