அரிஷ்டம் ஒரு மூடி

செப். 8, திங்கள்
மேகம் மூடிக்கொண்டு நின்றது, பெய்யவில்லை. கம்பெனி கேட்டில் குடி கண்டுபிடிக்கும் மெஷினில் ஊதி மாட்டி, குடியை விட்டு இன்று 43-ஆம் நாள். புதனன்று சிறுநீர்ப் பரிசோதனை (இனி சி.ப.). தேறினால் நான் ஓட்டிவந்த கேளம்பாக்கம் ஸ்டாஃப் பஸ் திரும்பக் கைக்கு வரும். இல்லையேல் டிஸ்மிஸ்.
மெக்கானிக் தாஸ் போனில் ஆறுதல்: "இன்னாத்துக்கு மச்சான் பயந்துகினு கீற? ரெண்டு குடம் தண்ணி குட்ச்சிட்டு போ." 43 நாளாகக் குடிக்காதவனுக்கு எதற்கு என்றேன். "ஒரு சேஃப்டிக்கு."
வாங்க: பல்பு, இட்லி அரிசி.

செப். 9, செவ்வாய்
புழுக்கம். கரண்ட் இல்லை. காலையில் ஸ்டெல்லா ஜீரணத்துக்கு அரிஷ்டம் ஒரு மூடி ஊற்றித் தந்தாள். பத்து நாளாக இரு வேளை. குரோம்பேட்டை நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. பேப்பர் வரவில்லை, ஆகவே குடித்து முடித்து லேபிளைப் படித்தேன். தானாக ஊறிய ஆல்கஹால் உண்டாம். ஏறக்குறைய பீர் அளவு.
இருபது வருடம் என் பாட்டில்களைத் தேடித் தேடிக் கொட்டிய மனைவி. இப்போது அவள் கையாலேயே.
தாம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கம்பெனியின் சி.ப. கடிதத்தைக் காட்டி விசாரித்தேன். அங்கிருந்த பெண்: "சாதா டெஸ்ட்டுன்னா அரை நாள், ஒரு நாள்தான் சார் தெரியும். இது ஆல்கஹால் உடம்புல விட்டுட்டுப் போற தடயத்தைத் தேடுறது. மூணு நாள் வரைக்கும் காட்டலாம். சில பேருக்கு அதுக்கு மேலயும்." தண்ணீர் குடித்தால்? "ரொம்ப நீர்த்துப் போச்சுன்னா அதையே ரிப்போர்ட்ல எழுதிடுவாங்க." தாஸின் குடங்கள் ரத்து.
ஸ்டெல்லா அழவில்லை. பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்க்கப் போனாள், தடுத்தேன். அதுதான் சாட்சி. முடிவு: மறைக்கப் போவதில்லை.

செப். 10, புதன்
தூறல். இருவருமாகக் கம்பெனிக்கு. ஆபீசுக்குள் பாட்டிலை மறைக்காமல் கொண்டுபோவது இதுவே முதல்முறை. மேனேஜர் லேபிளை இருமுறை படித்தார். பிறகு ஸ்டெல்லாவிடம், "உண்மையைச் சொல்லுங்கம்மா. வீட்ல குடிக்கிறாரா?"
"நான் ஊத்திக் குடுத்தா குடிப்பாரு சார்."
மேனேஜர் காலண்டரைப் பார்த்தார்.
"திங்கக்கிழமை டெஸ்ட் வச்சுக்கலாம். அதுவரைக்கும் ரசம்கூட யோசிச்சுக் குடிங்க."

செப். 15, திங்கள்
வெயில். ஆறு நாள் சோறு, தண்ணீர், மோர். இருமல் வந்தது, டானிக் தொடவில்லை, இருமித் தீர்த்தேன். காலை சி.ப. கதவருகே ஒருவர் காவல். மாலையில் முடிவு: தடயம் இல்லை.
கேளம்பாக்கம் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கூடுவாஞ்சேரி ரூட், பழைய பஸ், கல்லாய்க் கனக்கும் கிளட்ச். சாவி வாங்கியாயிற்று. காலை ஐந்தரைக்கு எடுக்க வேண்டும். அதற்குமுன் டயருக்குக் காற்று.