தகரத்தின் கீழே பொன்குட்டிகள்

வெயில் ஏறிய தகரத்தின் மணம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. கைகழுவ மனமில்லை, அண்ணை. முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ரெய்னர்ஸ் லேனில் உங்கள் தோட்டத் துண்டை நம் ஊர்ப் பெண்ணொருத்தி வாடகைக்கு எடுத்திருக்கிறாள். மூலையில் நீங்கள் போட்ட தகரத்தையும் உரக்குவியலையும் அகற்றிவிட்டு அங்கே கொட்டில் போடப்போவதாகச் சொன்னாள். கீழே உயிர்கள் வாழ்கின்றன என்றேன். நீங்கள் கண்மூடியபின் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. என் பேச்சை நானே நம்பவில்லை. ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன்.

அந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? குவியலில் செப்புக்கம்பி போல ஒன்று நெளிய, மண்வெட்டியை ஓங்கினீர்கள். நான் பிடியைப் பற்றிக்கொண்டேன்.

"விடுங்கோ மாஸ்டர். கடிச்ச பிறகே பாடம் எடுக்கப் போறியள்?"

"கண்ணைப் பாருங்கோ அண்ணை, சிமிட்டுது. பாம்புக்கு இமை இல்லை."

அது வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு மறைந்தது. சுவர்ப் பல்லியும் இப்படித்தானே தப்பும் என்று உதாரணம் காட்டினேன்: இது காலில்லாத பல்லி, இங்கே வெள்ளைக்காரர் ஸ்லோவேர்ம் என்பார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. செம்பில் பாலும் ஒரு முட்டையுமாக வந்து நின்றீர்கள். அது நத்தை தின்னும், பால் குடிக்காது என்றேன். செம்பைப் பார்த்தீர்கள்.

"அப்ப தேத்தண்ணி போடுவம்."

பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. அவை சூடேறத் தகரம் வந்தது. தவளைக்கும், நீரில் வாழும் பல்லி போன்ற நியூட்டுக்கும் பழைய குளியல் தொட்டி குளமானது. தவளை முட்டை மிதந்தால் நான் கோயிலில் நின்றாலும் போன் வரும். பாம்பென்றால் நடுங்கியவர், கால்வாய்க்கரைப் புல்பாம்பைக் காட்ட என்னை இழுத்துப் போனீர்கள். தகரத்தைத் தூக்குமுன் நகத்தால் தட்டுவீர்கள்.

"எங்களுக்கு முந்தியே இஞ்ச இருக்கிற சனம், மாஸ்டர். தட்டிப்போட்டுத்தான் திறக்கோணும்."

இன்று தட்டினேன். தூக்கினேன். தாய் ஒன்று, சுற்றிலும் ஊசி போன்ற குட்டிகள், பொன்னிறம், முதுகில் ஒரு கருங்கோடு. இருக்கின்றன, அண்ணை! ஒன்று என்னைப் பார்த்துக் கண்சிமிட்டியது.

அவள் முழந்தாளிட்டு மூச்சுவிடாமல் பார்த்தாள்.

"கொட்டிலை அங்கால போடுவம், அங்கிள்."

தகரத்தை அவளே மெல்ல இறக்கினாள். ஏன் தட்டினேன் என்று கேட்டாள்; நீங்கள் சொன்னதைச் சொன்னேன். சாப்பிட என்ன வைக்கலாம் என்றாள்.

"பால் மட்டும் வேண்டாம், பிள்ளை."

ஏன் இப்படிச் சிரிக்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. உங்கள் தட்டல் என் நகத்தில் இருக்கிறது, அண்ணை. போகும்போது அவளும் ஒருதரம் தட்டிப் பார்த்தாள்.