பானெட்டைத் திறந்த கை

மார்க்கையன்கோட்டை
6.11.2024

மாப்பிள்ளை கோட்டைச்சாமிக்கு, பவுனின் அண்ணன் முத்துக்கருப்பன் எழுதுவது.

போன் போட்டால் பவுனு எடுக்கிறாள். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். கூடப் பிறந்தவள் இப்படிச் செய்தால் நான் தபால்காரரைத்தான் நம்ப வேண்டும். உங்கள் கை எப்படி இருக்கிறது? இதை முதலில் கேட்டுவிட்டு மற்றதை எழுதச் சொல்லி என் வீட்டுக்காரி கஸ்தூரி பக்கத்திலேயே நிற்கிறாள். கேட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் வரவில்லை. பவுனை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த இந்த முப்பத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஆயுத பூஜை அன்று நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நடந்தது என்ன? தேனியில் பழைய இரும்புக் கடையில் கிடந்த பியட் காரை வாங்கி வந்து இரண்டு வருஷம் உட்கார்ந்து ஓட வைத்தேன். இன்ஜின் வேலை முழுக்க நான். ஒயரிங் முழுக்க நீங்கள். மின்வாரியத்தில் முப்பது வருஷம் ஒயர்மேனாக இருந்தவர் என்று நம்பிக் கொடுத்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். சின்னமனூர் ரோட்டில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் பானெட் ஓரத்தில் புகை. நிறுத்தினேன். "தொறக்காதீக மாப்பிள்ளை" என்று கத்தினேன். நீங்கள் கேட்டீர்களா? "மொதல்ல பேட்டரியக் கழட்டணும் மச்சான், கரண்டைக் கட் பண்ணணும்" என்று ஓடிப்போய்ப் பானெட்டைத் தூக்கினீர்கள். காற்றுக் கிடைத்ததும் குப்பென்று பிடித்தது. உங்கள் கை வெந்தது அதனால்தான். வண்டி போனது உங்கள் ஒயரிங்கால்.

இதை நான் ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு என்கிறாளாம் பவுனு. உள்ளதைச் சொல்வது எப்படித் தப்பாகும்?

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். "என் ஒயரிங்கில்தான் பிசகு" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதினால் எப்போதும்போல தைப்பொங்கலுக்கு முதல் நாள் தங்கச்சிக்குச் சீர் கொண்டு வருவேன். இல்லையென்றால் இந்த வருஷம் அரிசியும் வெல்லமும் கரும்பும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முத்துக்கருப்பன்

கெங்குவார்பட்டி
19.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இடது கையால் நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலது கையில் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். சுட்டு விரலும் நடு விரலும் ஒட்டிக்கொண்டு ஒரே விரலாக நிற்கின்றன. ஆறு மாதம் போகட்டும், பிரித்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஸ்விட்சைப் போட முடிகிறது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியவில்லை. பவுனு சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள். "மின்சாரத்துல கையை வைக்கும்போதெல்லாம் தப்பிச்ச மனுசன், பென்சன் வாங்குற வயசுல இப்பிடி" என்று சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

நெருப்பு எங்கே பிடித்தது என்று உங்களோடு வாதாட எனக்கு ஆசை இல்லை. ஆனால் புகைக்கு முன்னால் பெட்ரோல் வாடை வந்தது. நான் சொன்னேன். "பழைய வண்டின்னா அப்பிடித்தேன், மூக்கைப் பொத்திக்கங்க" என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா? வண்டியைப் பிரித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சீரைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் அவளிடம் காட்டவில்லை. மாமனும் அத்தையும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள்தான். கோபத்தில் போனை வைக்கிறாளே தவிர, வைத்துவிட்டுத் தமிழ் மாதக் காலண்டரில் தை மாதத் தாளைத்தான் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
கோட்டைச்சாமி

மார்க்கையன்கோட்டை
28.11.2024

மாப்பிள்ளைக்கு,

கோணல் எழுத்துதான் என்றாலும் குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்தியிருக்கிறீர்கள்.

பெட்ரோல் வாடையா? பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் வாடை வராமல் சாம்பிராணி வாடையா வரும்? நான் அஞ்சாவதோடு நின்றவன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்து, கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டவன். நாற்பது வருஷமாக இந்தச் சுற்று வட்டாரத்தில் மோட்டார் நின்றால் என் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். ஒருத்தனாவது "முத்துக்கருப்பன் தொட்டுக் கெட்டது" என்று சொல்லியிருப்பானா? நீங்கள் முதல் ஆளாகச் சொல்லப் பார்க்கிறீர்கள்.

பிரித்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். பிரிக்க மனசு வரவில்லை. தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். முன்பக்கம் முழுக்கக் கரி. பின் சீட் மட்டும் புதிதாகத் தைத்த மேனிக்கு அப்படியே இருக்கிறது. அதில் பவுனை உட்கார வைத்து வீரபாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு வரிதான் கேட்டேன். எழுத மனசு வராவிட்டால் விடுங்கள். நானும் வர மாட்டேன்.

முத்துக்கருப்பன்

கெங்குவார்பட்டி
11.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். பிசகு என் ஒயரிங்கில்தான். இன்ஜின் பக்கம் போகிற ஒரு ஒயரின் இணைப்பை நான் சரியாக டேப் சுற்றவில்லை. அது உரசி ஷார்ட் ஆகித்தான் வண்டி எரிந்தது. உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை.

போதுமா மச்சான்? சீர் கொண்டு வாருங்கள். நேற்று பவுனு பரண்மேல் இருந்த பொங்கல் பானையை இறக்கித் துலக்கினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. இந்தக் கடிதம் மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கோட்டைச்சாமி

மார்க்கையன்கோட்டை
17.12.2024

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

ஆண்பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்குகிறது. தப்பு யாருக்கும் வரும். ஒத்துக்கொண்டால் அதோடு முடிந்தது, நான் மனசில் வைத்துக்கொள்கிற ஆளில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே ஈஸ்வரபாண்டியின் டீக்கடைக்குப் போனேன். இரண்டு மாதமாக அங்கே ஆளாளுக்கு என் இன்ஜினைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கேட்க வாசித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஈஸ்வரபாண்டி மட்டும், "அவரு அப்பிடி அரைகுறையா விடுற ஆளில்லையேண்ணே. எங்க வீட்டுக்கு ஒயரிங் பண்ணுனாக, இருவது வருசமாச்சு, ஒரு பல்பு போனதில்ல" என்றான். "ஏலே, அவரே எழுதியிருக்காரு, உனக்கென்னடா" என்று அடக்கினேன்.

பவுனுக்கு மாம்பழக் கலரில் சேலை எடுத்தாகிவிட்டது. பச்சரிசி நம் வயல் அரிசி. மார்கழிக்குள் வண்டியைப் பிரித்து, தேறுகிற சாமான்களை ஒதுக்கிவிடலாம் என்று இருக்கிறேன். இப்போதுதான் அதைத் தொட மனசு வந்திருக்கிறது.

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்,
முத்துக்கருப்பன்

மார்க்கையன்கோட்டை
3.1.2025

மாப்பிள்ளைக்கு,

வண்டியைப் பிரித்துவிட்டேன்.

முதலில் உங்கள் ஒயர்களைத்தான் உரித்தேன். எல்லாம் வெளிப்பக்கம்தான் வெந்திருக்கிறது. உள்ளே செம்பு செம்பாகவே இருக்கிறது. ஷார்ட் ஆகியிருந்தால் உருகி முத்துக் கட்டியிருக்கும் என்று நீங்கள்தான் ஒரு தடவை சொன்னீர்கள். ஒரு இடத்தில்கூட முத்து இல்லை. டேப் சுற்றாத இணைப்பு என்று எழுதினீர்களே, அப்படி ஒரு இணைப்பே வண்டியில் இல்லை.

பிறகு டிக்கிக்கு அடியில் போனேன். டேங்கிலிருந்து இரும்புக் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு ஜாண் ஹோஸ் எரியாமல் இருந்தது. திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் மிச்சமிருந்த ஹோஸ். அவ்வளவு காரமான மருந்தையே தாங்குகிறது, பெட்ரோலைத் தாங்காதா என்று நினைத்து நான்தான் வெட்டிப் போட்டேன். கார்புரேட்டர் பக்கம் போட்டதும் அதே ஹோஸ்தான், அது எரிந்துபோயிருக்கிறது. எரியாமல் இருந்ததைக் கழற்றி வளைத்தேன். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி ஒடிந்தது. இன்ஜின் பக்கம் இருந்தது அன்றைய சூட்டில் விட்டிருக்கும், பெட்ரோல் சுடுகிற இரும்பில் சொட்டியிருக்கும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். "தொறக்காதீக" என்று நான் கத்தியதாக எழுதினேன். கத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். 

சரி. ஆனால் நீங்கள் ஏன் பொய் எழுதினீர்கள்? ஒரு வரி கேட்டது நான்தான். கேட்டால் பொய்யை எழுதித் தருவதா? அதை நம்பி ஊர் நடுவே வாசித்தவன் நான். என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா?

கடையில் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மறைக்காமல் எழுதுகிறேன். இது நம் இருவருக்குள் இருக்கட்டும். பதிமூன்றாம் தேதி சீரோடு வருகிறேன்.

முத்துக்கருப்பன்

கெங்குவார்பட்டி
8.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நம் இருவருக்குள் இருக்கவில்லை. விதைநெல் வாங்க உங்கள் ஊருக்கு வந்த எங்கள் தெருக்காரர் நீங்கள் வாசித்த அன்று அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். "உங்க வீட்டுக்காரரு தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாராமே, அங்கன வாசிச்சாக" என்று பவுனிடம் கேட்டுவிட்டார். அவள் என்னிடம் கேட்டாள். இனி மறைத்து என்ன? உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், நான் எழுதியதையும் சொன்னேன்.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் காலண்டர் பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். ஒரு வரிதானே, என் பேர்தானே போகும் என்று நினைத்தேன்.

அந்த ஹோஸை நான் பூஜைக்கு முதல் நாளே பார்த்தேன் மச்சான். இது தாங்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. "ஒயர்க்காரருக்கு இன்ஜின்ல என்ன சோலி" என்பீர்கள் என்று விட்டுவிட்டேன். அந்த மட்டுக்கு எனக்கும் பங்கு இருக்கிறது.

பவுனு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "எங்கன வச்சு வாசிச்சாகளோ, அங்கனயே நெசத்தையும் சொல்லட்டும். சொல்லிட்டு வந்தாகன்னா வெறுங்கையோட வந்தாலும் போதும், அதுதேன் எனக்குச் சீரு. சொல்லாம வந்தா வாசப்படி ஏற வேணாம்."

மூன்று நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். இறங்கி வர மாட்டேன் என்கிறாள். உங்களோடு பிறந்தவள், வேறு எப்படி இருப்பாள்?

சொல்லிவிடுங்கள் மச்சான். இரண்டு நிமிஷ வேலை.

கோட்டைச்சாமி

மார்க்கையன்கோட்டை
17.1.2025

மாப்பிள்ளைக்கு,

பன்னிரண்டாம் தேதி காலையில் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சு நிறைய ஆட்கள். டீயை வாங்கிக்கொண்டு நின்றேன். "என்னண்ணே, சீரு எப்பக் கிளம்புது?" என்றான் ஈஸ்வரபாண்டி. "நாளைக்கு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், மற்றவர்களைப் பார்த்தேன். டீ ஆறிப்போனது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கிளம்பத்தான் செய்தேன். சேலை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு. நேரில் பார்த்தால் மனசு இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். உங்கள் ஊரில் இறங்கியபோது பவுனு தெருமுனையில் நின்றாள். எப்போதும் என்னைத் தூரத்தில் பார்த்ததும் உள்ளே ஓடிவிடுவாள், ஒன்றும் தெரியாதவள் போல அடுப்படியில் நிற்பாள். அன்று ஓடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொல்லிட்டீகளாண்ணே?" என்று கேட்டாள். அவ்வளவு பக்கத்தில்கூட இல்லை, ஆனால் காதில் விழுந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் முடியவில்லை. தலையை ஆட்டினேன், இல்லை என்று.  பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்விட்டாள். அவள் நடையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பின்னாலேயே போயிருப்பேன்.

எதிர்ப்பக்கம் போய்த் தேனி பஸ் ஏறினேன். கண்டக்டர் சின்ன வயசுக்காரர், திண்டுக்கல் பக்கம். "என்ன பெரியவரே, பொங்கலும் அதுவுமா சீரு திரும்பிப் போகுது? மாப்பிள்ளை வீட்ல சண்டையா?" என்று கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸ் போட்டது, நான் கத்தாதது, கடையில் வாசித்தது, உங்கள் விரல், எல்லாம். பெரியகுளம் வரும் வரை சொன்னேன். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார். "அடப்பாவமே" என்றார். எனக்கு இவ்வளவு சொல்ல வருமா என்று எனக்கே ஆச்சரியம். அவர் என்னை மறுபடி பார்க்கப் போவதில்லை. அதனால்தான் வந்தது போல. பவுனிடம் இது செல்லாது என்று தெரியும். செல்லுமா என்று கேட்கவும் இல்லை.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் வைக்கவில்லை. கஸ்தூரி என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. சேலையைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அனுப்புனா திரும்பி வரும். அதையும் நான்தேன் வாங்கி வைக்கணும்" என்றாள்.

வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டேன். உங்கள் விரல்களைப் பிரித்துக் கட்டும்போது எந்தத் தேதி என்று ஒரு கார்டு போடுங்கள். வரச் சொல்லிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

ஈஸ்வரபாண்டி கடைக்கு நான் இப்போது போவதில்லை. டீயை வீட்டிலேயே குடிக்கிறேன்.

முத்துக்கருப்பன்