பிசிறில்லாத சத்தம்

மஸ்கட்
12.8.2003

அன்புள்ள ஆனந்தவல்லிக்கு,

நீயும் அப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வயலை விற்ற பணத்தில், தோட்டத் தொழிலுக்காகக் கிளை அரைக்கும் மிஷின் வாங்கினேன் அல்லவா? திருவையாற்றில் அப்பா ஆயில் இன்ஜின் எடுத்ததுபோல, கடையிலிருந்த இரண்டையும் வெறுமனே ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டேன். "பேரீச்ச மட்டைய விட்டுப் பாருங்க" என்றார் கடையிலிருந்த நாகூர்க்காரர். "சத்தமே சொல்லுதுங்க" என்று, பிசிறில்லாமல் ஓடியதை எடுத்துவிட்டேன்.

முதல் நாளே மட்டை நார் உள்ளே சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இங்கே தோட்டமென்றால் பேரீச்சைதான். கடையில் திருப்பி எடுக்கவில்லை. எனக்குத் தோட்ட வேலை தந்திருந்த பங்களாக்காரர்கள் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். மற்றபடி ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே.

உன் தம்பி சதீஷ் இங்கே வரும்போது நம் அரிவாளைக் கொடுத்தனுப்பு. கூலிக்கு மட்டை வெட்டப் போகிறேன். உன் போட்டோவும் ஒன்று வேண்டும். இருப்பதில் முகம் மங்கிவிட்டது.

தபாலில் போட ஆள் காத்திருக்கிறார். அப்பா கேட்டால் மிஷின் நன்றாக ஓடுகிறது என்று சொல். பொய்யில்லை. தினமும் சாயங்காலம் அதை வெறுமனே ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்
பஞ்சநதம்