வாசலில் உட்கார்ந்த முகமூடி

அன்புள்ள தம்பி எந்திலிக்கு,

அக்கா சேந்தி எழுதுவது. வேலைக்குப் போன மிரியில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். படகுக்காரனிடம் சொல்லியனுப்பிய செய்தி இதற்குள் வந்திருக்கும். உன் மனைவி லூலோங் வாந்திபேதியில் போய்விட்டாள் என்பது வரைதான் அவனுக்குத் தெரியும். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

ஒரே கூரைக்குள் எல்லாக் குடும்பமும் இருக்கிற நம் நீள்வீட்டில் பதினொரு பேருக்கு நோய் கண்டது. மருந்துக்காரர் வந்து, பிள்ளைகளை நோய் கண்டவர்களின் அறைகளுக்குள் விடவே கூடாது என்று சொல்லிப் போனார். உன் மகள் மிந்து கேட்பாளா? எத்தனை தடவை தூக்கிப்போய் விட்டாலும் திரும்பி வந்து அம்மாவின் கதவைத் தட்டினாள். நான் உள்ளே லூலோங்கைப் பார்ப்பேனா, வெளியே இவளைப் பிடிப்பேனா?

அதனால்தான் நீ செதுக்கிய பூத முகமூடியை எடுத்தேன். பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் போகாமலிருக்க அறுவடைத் திருவிழாவில் போட்டுக்கொண்டு உறுமுவாயே, அதேதான். அதை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். மிந்து அலறிக்கொண்டு கூடத்தின் கோடிவரை ஓடினாள். பக்கத்து அறை ஜெலியா, "எனக்கும் ஒருநாள் குடுக்கா, எம்புருஷன வெரட்டணும்" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் லூலோங்குக்குக் கண் உள்ளே போய்விட்டது. "மிந்து கிட்ட வரவேணாம்க்கா. வாசல்லயே நிக்கட்டும். ஒருதடவ மொகத்தப் பாத்துக்கிறேன்" என்றாள். முகமூடியை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். மிந்து தூணைக் கட்டிக்கொண்டாள். "அங்க அது இருக்கு, தின்னுடும்" என்று கத்தினாள். "அது நான்தான்டி, அத்தைதான்" என்றேன். அதுவரை பூதத்துக்குப் பயந்தவள் அதற்குப் பிறகு எனக்குப் பயந்தாள். தூக்கினேன். கையைக் கடித்துவிட்டு ஓடினாள்.

உள்ளே போனேன். லூலோங் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரலயா?" என்று கேட்டாள். "தூங்குறாம்மா" என்றேன். மகள் அலறுவது அவள் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அன்று மாலையே புதைத்தோம். நம் ஈபான் ஆட்களில் செத்த யாரையும் ஓலமிட்டுப் பாடி மறுவுலகத்துக்கு வழி சொல்லாமல் அனுப்பியதில்லை. இந்த முறை நோய்க்குப் பயந்து ஓலமிட ஆள் வரவில்லை. தெரிந்தவரை நானே பாடினேன்.

முகமூடியை எரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். மிந்துவுக்குப் பயம் தெளியட்டும் என்று அவள் கண்ணெதிரில்தான் எரித்தேன். அவள் நெருப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். ஜெலியா கொடுத்தால் சாப்பிடுகிறாள், என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. நேற்று ஜெலியாவிடம், "அத்த ஏன் அம்மாவத் தின்னுச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

லீவு தராவிட்டாலும் வா. என்மேல் கோபமென்றால் அடி, வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் மிந்து பார்க்கும்படி என் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிடு, தம்பி.

உன் வழி நல்லபடியாக இருக்கட்டும்.

உன் அக்கா,
சேந்தி