திங்கட்கிழமை வேலைக்குச் சேர்கிறேன், ஜெசி

என் ஜெசிக் கண்ணுக்கு,

கிடைத்துவிட்டது புள்ள! நாம் இரண்டு பேரும் சேர்ந்து படிக்க ஆரம்பித்த பரீட்சையில் நான் தேறிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை கோயம்புத்தூர் அலுவலகத்தில் சேர்கிறேன். நிலத்தடி நீர்மட்டத்தைக் கணக்கெடுக்கும் அரசு அமைப்பில் தரவு அறிவியலாளர்! இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது. காலையிலிருந்து மில்லுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார முடியவில்லை.

எல்லாம் உன் ஒரு போனில்தானே ஆரம்பித்தது? சரவணம்பட்டியில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். பிறகு நான் கல்யாணமாகிக் காங்கேயம் வந்தேன். யாழினி பிறந்ததும் வேலையை விட்டேன். அவரோடு தேங்காய் எண்ணெய் மில்லைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஒரு நாள் மதியம் நீ கூப்பிட்டாய், மூத்தவள் என்ற மரியாதை கொஞ்சமும் இல்லாமல்.

“ஏ புள்ள, கவர்மென்ட்ல டேட்டா சயின்ஸ் படிச்ச ஆளுங்கள எடுக்கறாங்க. பரீட்சை வெச்சு எடுக்கறாங்க. உனக்கு வயசு வரம்பு இந்த வருசத்தோட முடியுது. ரெண்டு பேரும் எழுதறோம்.”

“எனக்கு எல்லாமே மறந்துபோச்சு ஜெசி.”

“மறந்தவதான் படிக்கோணும். எல்லாம் தெரிஞ்சவளுக்கு எதுக்குடி பரீட்சை?”

அன்று சாயங்காலம் அவரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். “ஏனுங்க, நான் இந்தப் பரீட்சை எழுதட்டுங்களா?” கொப்பரை மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எழுது அம்மிணி. மில்லு எங்கீம் ஓடிப்போயிறாது” என்றார். அவ்வளவுதான்.

உன் சாப்பாட்டு நேரந்தான் நம் வகுப்பு. நீ ஆபீஸ் மாடிப்படியில் டிபன் பாக்ஸோடு, நான் செக்கு இரைச்சலுக்கு நடுவில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு. புள்ளியியலைப் படித்துவிட்டு எவ்வளவு சிரித்திருப்போம்! ஒரே ஒரு மருமகளைப் பார்த்துவிட்டு ஊரில் எல்லா மருமகளும் இப்படித்தான் என்று சொல்வது என்ன தவறு என்று நீ கேட்பாய். “சாம்பிள் பத்தாது!” என்று நான் கத்துவேன். மில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பைத்தான் கணினி மொழியில் நான் எழுதி அனுப்பும் நிரலைப் பார்த்துவிட்டு, ஓடுகிறது ஆனால் நொண்டிக்கொண்டு ஓடுகிறது என்பாய். படிப்பு இவ்வளவு சந்தோஷமான காரியம் என்று கல்லூரியில் எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

அப்புறம் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றாய். ரத்தம் ஏற்றுகிறார்கள் என்றார்கள். ஒரு வாரந்தான். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் அதிகம் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியாததா?

புத்தகங்களையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது, மாதா கோயில் வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“படிக்கறயா கண்ணு?”

“இல்லீங்கம்மா. அவ இல்லாம மண்டைல ஏறமாட்டீங்குதுங்க.”

அம்மா என்னைக் கோயில் படியில் உட்கார வைத்தார்கள். பிறகு, “அவ ஊட்டுக்குள்ள நடந்து நடந்து சத்தம் போட்டுப் படிப்பா. இப்ப ஊடு அமுந்து கெடக்குது. ஒண்ணு பண்ணு சாமி. நீ படிக்கறத எங்கிட்டப் போன்ல சொல்லு. எனக்கொண்ணும் புரியாது. சத்தமாவது கேக்கட்டும்” என்றார்கள்.

அப்படித்தான் உன் அம்மாவிடம் புள்ளியியல் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் ஜாக்கெட் தைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்பார்கள். தையல் மிஷின் சத்தம் நின்றால், ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று அர்த்தம். சராசரியைச் சொன்ன அன்று நின்றது. “ஏங்கண்ணு, குண்டா ஒருத்தி, ஒல்லியா ஒருத்தி. ரெண்டு பேருக்கும் சராசரி அளவெடுத்துத் தெச்சா ஒருத்திக்குமே சேராதே?” எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன்னிடம் உடனே சொல்ல வேண்டும் என்று கை போனைத் தேடியது. அப்புறந்தான் உறைத்தது.

இன்னொரு நாள், ஒரு விஷயம் தற்செயலாக நடந்ததா, காரணத்தோடு நடந்ததா என்று சோதிக்கிற பாடம். மிஷின் நின்றது. 

“அப்ப எம்புள்ளைக்கு வந்த காய்ச்சலு எதுல சேரும் கண்ணு?”

 நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? தெரியாதுங்கம்மா என்றேன். “சரி, மேல சொல்லு” என்றார்கள். மிஷின் மறுபடி ஓடியது.

எழுத்துத் தேர்வில் தேறினேன். அடுத்தது கோவையில் செய்முறைத் தேர்வு. அதைத்தான் உனக்குச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன், கேள்!

கம்ப்யூட்டரைத் திறந்தால் கிணறுகளின் தகவல். தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் இருக்கிறது என்று மாதாமாதம் அளந்து வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் எங்கே தண்ணீர் வற்றும் என்று நாம் கணித்துச் சொல்ல வேண்டும். சுற்றிலும் எல்லாரும் உடனே தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கங்கே சைபர் இருந்தது. தரையிலிருந்து சைபர் மீட்டர் என்றால் தண்ணீர் கிணற்று விளிம்பைத் தொடுகிறது என்று அர்த்தம். ஆனால் அந்தச் சைபர்கள் சித்திரை, வைகாசியில் வருகின்றன! அதுவும் மழையே இல்லாத வருடங்களில்.

எனக்கு உடனே அப்பாவின் ஞாபகம் வந்தது. வெள்ளகோவிலில் எங்கள் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, கோடையில் யாராவது கேட்டால் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: “சைபருங்க.” தண்ணியே இல்லை என்று அர்த்தம். அளக்க வந்தவரும் டேப்பை இறக்கிப் பார்த்து, ஈரமே படாமல் மேலே இழுத்து, அதையேதான் எழுதியிருப்பார். அப்படியே விட்டால், வறண்ட கிணற்றையெல்லாம் ததும்புகிற கிணறு என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

சும்மா ஊகிக்கக் கூடாது இல்லையா? ஒவ்வொரு சைபருக்கும் முந்தைய மாதத்தைப் பார்த்தேன். தண்ணீர் இறங்கி இறங்கி, கிணற்றின் அடியை நெருங்கி, அப்புறம் திடீரென்று சைபர். சந்தேகமே இல்லை. அவற்றைத் தனியாகப் பிரித்து, “வறண்ட கிணறு, தண்ணீர் அடிமட்டத்துக்கும் கீழே” என்று குறித்து, அதற்கு ஏற்றபடி கணிப்பை மாற்றி எழுதினேன். அதிலேயே நேரம் ஓடிவிட்டது. கடைசிக் கேள்வியைத் தொடக்கூட முடியவில்லை.

வெளியே வந்தால் வாசலில் அவரும் உன் அம்மாவும் தக்காளிச் சாதத்தோடு நிற்கிறார்கள். அம்மாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. உள்ளே இருந்த நேரம் முழுக்க உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நீ போனதிலிருந்து அப்படி ஒரு நேரம் இருந்ததே இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் பதறிப்போய், “கஷ்டமா இருந்துதா அம்மிணி?” என்றார்.

“இல்லீங்க. நல்லா இருந்துதுங்க. அவள மறந்தே போயிட்டனுங்க.”

உன் அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார்கள். “அழுவாத சாமி. நேத்து நானும் ரெண்டு ஜாக்கெட்டு முடிச்சுப்போட்டு நிமுந்தப்பத்தான் அவ நெனப்பே வந்துது. எனக்கும் பக்குனு ஆச்சு. வேலை நம்மள இழுத்துக்கிட்டா அது தப்பில்ல. அவளும் அப்பிடித்தான வேலை செய்வா? சாப்புடு, ஆறிப்போகுது.”

சாப்பிட்டேன். பசி அப்படி ஒரு பசி.

கடைசிக் கேள்வி விட்டுப்போனதால் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் நேர்காணலுக்கு அழைத்தார்கள். மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் ஒரு தாளைப் புரட்டிவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: “இந்தச் சைபரை எல்லாம் நிறையப் பேர் அப்படியே விட்டுட்டாங்க. சில பேர் அழிச்சுட்டாங்க. நீங்க ஏன்மா தனியாப் பிரிச்சீங்க?”

நான் எங்கள் கிணற்றைச் சொன்னேன். அப்பா சொல்வதைச் சொன்னேன். அது போதாது என்று முந்தைய மாதங்களைச் சோதித்ததையும் சொன்னேன். பேசப் பேசப் பயம் போய்விட்டது. அளக்கப் போகிறவர்களின் படிவத்தில் “வறண்டது” என்று குறிக்க ஓர் இடம் வேண்டும் என்று நானே யோசனையும் சொல்லிவிட்டேன்! உன் வாய் எனக்கு எப்போது வந்தது? அவர் சிரித்துவிட்டு, “இங்க வந்து அதைச் செய்யுங்க” என்றார். வாய்வார்த்தைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை ஜெசி. நேற்றுப் பட்டியலில் என் பெயரும், கூடவே திங்கட்கிழமை சேரச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டன.

முதல் போன் உன் அம்மாவுக்குத்தான். “மாதாவே!” என்று அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்களாம். அடுத்த மூச்சிலேயே, “மாடி ரூமைக் கழுவி உட்டர்றேன். புள்ளையக் கூட்டிட்டு வந்துரு” என்றார்கள். யாழினிக்கும் கோவையில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. அவர் வாரக் கடைசியில் வந்துவிடுவார். மில்லை விட்டுவிட்டு எங்களோடு வர முடியவில்லையே என்று இப்போது அவர்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

ஜெசி, உனக்குப் பதிலாக நான் போகிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. உன் இடம் உன் இடந்தான். இது எனக்கே எனக்கு வேண்டியிருந்த வேலை. அந்த ஆசையை நீ எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாய், அவ்வளவுதான். இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்வேன். சோகத்தைச் சுமந்துகொண்டு உன் பேரில் செய்யமாட்டேன். வேலையில் மூழ்கி உன்னை மறக்கிற நாட்களில் என்னை நானே கோபித்துக்கொள்ளவும் மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

ஒருநாளும் நீ அக்கா என்று கூப்பிடாத உன் அக்கா,
கோகிலா